பலெர்மோ நகரில் மரக்கறிச் சாப்பாடு

இத்தாலிக்குப் பயணமாகும் எம்மவர் பலரிடம் ஒரு நம்பிக்கை ஆழ வேரூன்றியிருக்கிறது. "அங்கே சாப்பாட்டுக்கு என்ன குறை? பீட்சா இருக்கிறது, பாஸ்தா இருக்கிறது. சைவக்காரருக்கு அதைவிட வசதியான நாடு ஐரோப்பாவில் வேறு எது?" என்று கேட்பார்கள். இந்நம்பிக்கை பாதி உண்மையானது. மற்றப் பாதியை அறியாமற் செல்பவர்கள் தம்மையறியாமலே விரதத்தை முறித்துக்கொள்கிறார்கள்; அல்லது வாழைப்பழமும் பாணுமாக நாட்களைக் கழித்துவிட்டு வாடிய முகத்துடன் திரும்புகிறார்கள். இவ்விரண்டுக்கும் அவசியமில்லை என்பதை, நாம் பலமுறை சென்று வந்த ஒரு நகரை முன்வைத்து இங்கு எழுதுகிறோம்.

அந்நகர் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோ. ரோமையும் வெனிசையும் விட்டு இதனைத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. 1980களிலிருந்து ஈழத் தமிழர் அங்கே குடியேறி வந்திருக்கின்றனர். இன்று பல்லரோச் சந்தையைச் சூழ்ந்த பழைய தெருக்களில் நடப்பவர் காதில் இத்தாலியமும் அரபும் வங்காளமும் விழும் இடைவெளியில் யாழ்ப்பாணத் தமிழும் வந்து விழும். அங்குள்ள எம்மவரிற் பெரும்பாலானோர் வீட்டுப் பணியாளராகவும் முதியோரைப் பராமரிப்போராகவும் உணவகச் சமையலறைகளிற் கைகொடுப்போராகவும் உழைக்கிறார்கள். ஆடி, ஆவணி மாதங்களில் ஜேர்மனி, சுவிஸ், பிரான்ஸ், நோர்வே ஆகிய நாடுகளிலிருந்து உறவினர் வந்திறங்குகின்றனர். விருந்தினரை வரவேற்க மனம் இருந்தாலும், காலை ஏழு மணிக்கு எசமானி வீட்டுக்குப் புறப்பட்டு இரவு பத்து மணிக்குத் திரும்புகின்ற ஒருவரால் நண்பகற் சமையல் எப்படிச் செய்ய முடியும்? வந்தவர்கள் வெளியிற் சாப்பிட்டே ஆகவேண்டும்.

பயணம் பற்றி ஒரு வார்த்தை. அகதி அந்தஸ்துக் கிடைத்துப் பயணப் பத்திரம் பெற்றவர்களுக்கே இக்கட்டுரை உடனடியாகப் பயன்படும். புகலிடக் கோரிக்கை இன்னமும் விசாரணையில் உள்ளவர்கள், மாமன் மகள் கலியாணம் என்றாலும், சட்டத்தரணியைக் கேளாமல் எல்லையைக் கடக்க நினைக்கவேண்டாம். அவர்கள் இதனைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கட்டும், காலம் வரும்.

கோடைப் பயணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நல்லூர்க் கந்தனின் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரையிலான இருபத்தைந்து நாட்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்திலேயே அமைகின்றன. ஆண்டு முழுவதும் மீன் உண்பவர்கள்கூட அந்நாட்களில் மரக்கறியோடு நிற்பது எமது வழக்கம். இத்தாலியிலோ ஆகஸ்ட் 15 ஆம் திகதியைச் சூழ்ந்த நாட்கள் நாடே பூட்டிவிட்டுக் கடற்கரைக்குச் செல்லும் காலம். குடும்பங்கள் நடத்தும் சிறிய உணவகங்கள் பல, கதவில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு இரண்டு மூன்று வாரங்கள் மூடிவிடுகின்றன. எமது விரத காலமும் அவர்களுடைய விடுமுறைக் காலமும் இவ்வாறு ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஜேர்மனியிலிருந்து வந்த எமது நண்பர் ஒருவரின் தாயாருக்கு எழுபத்து நான்கு வயது, நீரிழிவு நோயாளி. நல்லூர்க் கொடியேறிவிட்டது. புகையிரத நிலையத்தின் பக்கத்திலிருந்த ஓர் உணவகத்தில் 'மரக்கறிச் சூப்' என்று அட்டையில் எழுதியிருந்ததை நம்பிக் கேட்டார்கள். பரிமாறியவரிடம் இறைச்சி கலந்ததா என்று விசாரித்தபோது, "இல்லை, இல்லை, வெறும் மரக்கறி" என்று அவர் உறுதி கூறினார். பாதிக் கிண்ணம் முடிந்த பின்னரே, அடியில் ஒட்டிக் கிடந்த ஒரு மெல்லிய நாரைக் கண்டு மறுபடி கேட்டார்கள். "இறைச்சி இல்லையே, இறைச்சி அவித்த நீர்தானே" என்று அந்த மனிதர் மிகுந்த நேர்மையோடு பதிலளித்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மொழியில் இறைச்சி என்பது தட்டிற் கிடக்கும் துண்டு, நீர் இறைச்சியாகாது. அந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லை. அதன் பின்னர் மூன்று நாட்கள் அவர் எந்தக் கடையிலும் வாய் நனைக்கவில்லை. மருந்தை ஏற்றிக்கொண்டு உணவைத் தவிர்த்தால் நீரிழிவுக்காரருக்கு என்ன நேரும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். மூன்றாம் நாள் மாலை மயங்கி விழுந்தார். நல்ல வேளை, அருகில் இருந்தவர்கள் சீனித் தண்ணீர் கொடுத்துத் தேற்றினார்கள்.

ஆகவே, இது நாக்கின் ருசி பற்றிய விடயம் மாத்திரமன்று. ஊரை, வீட்டை, கோவிலை விட்டு வந்த முதியவர் ஒருவரிடம் இறுதியாக எஞ்சியிருக்கும் ஒழுங்கு தட்டில் என்ன விழுகிறது என்பதுதான். அதனையும் ஒரு பரிமாறுபவரின் கவனக்குறைவு பறித்துவிடுமானால், அவருக்கு நாம் எந்த நாட்டைச் சுற்றிக்காட்டி என்ன பயன்?

இத்தாலிய மண்ணுக்குப் புலால் மறுத்தல் புதியதன்று என்பதை இவ்விடத்திற் சொல்லிவைக்க விரும்புகிறோம். தென் இத்தாலியின் குரோட்டன் நகரில் வாழ்ந்து போதித்த பைதகரசின் பெயராலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் மரக்கறி உண்போரை அழைத்து வந்தனர். உயிர்க்கொலையைக் கண்டித்த எம்பெடோக்கிளிஸ் சிசிலியின் அக்ரகாசில், அதாவது இன்றைய அக்ரிஜென்தோவில், பிறந்தவர். புலால் உண்ணாமை பற்றி முழு நூல் ஒன்றை எழுதிய பொர்பிரி என்னும் தத்துவாசிரியர் மூன்றாம் நூற்றாண்டில் இதே தீவிற் சில காலம் தங்கியிருந்தார். காந்தியடிகளின் கருத்துகளால் ஈர்க்கப்பட்ட அல்தோ கப்பித்தீனி என்பவர் இத்தாலிய மரக்கறியாளர் சங்கத்தை 1952 இல் நிறுவினார். பல்கலைக்கழகத்தில் இவர்களைப் பற்றிப் பேசிய நாட்களில், ஒருநாள் இவர்களுடைய ஊரில் நின்று கத்தரிக்காய்க்கு அலைவோம் என்று நாம் எண்ணியதில்லை.

கத்தரிக்காய் என்றதும் இன்னொன்று. பலெர்மோவின் மரக்கறி உணவுகளுக்கு அரசி அதுவே. கி.பி. 831 இல் பலெர்மோவைக் கைப்பற்றி, 1072 இல் நோர்மானியர் வரும்வரை ஆண்ட அராபியரே கத்தரியையும் கரும்பையும் எலுமிச்சை இனங்களையும் அத்தீவில் வேரூன்றச் செய்தவர்கள். கத்தரியின் தாயகமோ எமது பக்கம். இத்தாலியர் அதனை 'மெலன்சானா' என்கிறார்கள். அது அரபியின் 'பாதிஞ்சான்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அரபிச் சொல் பாரசீகத்தினூடாக வடமொழியின் 'வாதிங்கண' என்ற வடிவத்திற்குப் பின்செல்கிறது. அதற்கும் மூலம் திராவிடத்தில், எமது பழந்தமிழ் 'வழுதுணை' என்னும் சொல்லின் உறவில், இருக்கிறது என்பது மொழியியலாளர் சிலரின் கருத்து. உண்டு களித்தற்குரிய சொல்லாராய்ச்சி இதுவொன்றுதான்.

இனி நடைமுறைக்கு வருவோம். சிசிலியிற் சைவக்காரரின் முதல் எதிரி இறைச்சி அன்று, நெத்தலி. எமது நாட்டிற் சில கடைகளில் தேங்காய்ச் சம்பலுக்குள் மாசிக்கருவாட்டை இடித்துப் போட்டுவிட்டு, அதைப் பற்றிப் பேச்செடுக்காமலே பரிமாறுவார்கள் அல்லவா? மாசி மீன் என்று அவர்கள் நினைப்பதேயில்லை. அது உப்புப் போல, உறைப்புப் போல ஒரு சுவைப்பொருள். பலெர்மோவில் உப்பிட்ட நெத்தலிக்கும் அதே இடம். எண்ணெயிற் கரைந்து உருத்தெரியாமற் போய்விடும். கண்ணாற் காண முடியாது, மூக்கு மாத்திரம் சந்தேகிக்கும்.

'ஸ்பிஞ்சோனே' என்று வண்டிகளிற் கூவி விற்கப்படும் தடித்த மெத்தென்ற பீட்சாவில் தக்காளியும் வெண்காயமும் பாண்தூளும் மாத்திரமே கண்ணுக்குத் தெரியும். நெத்தலி உள்ளே இருக்கும். பூக்கோவாவை மசியவிட்டு உலர்ந்த முந்திரிகையும் பைன் விதையும் குங்குமப்பூவும் சேர்த்துச் செய்யும் பாஸ்தா ஒன்றுண்டு. அட்டையில் அதற்கு 'புரொக்கொலி' என்று எழுதியிருப்பார்கள். பலெர்மோவில் அச்சொல் பூக்கோவாவையே குறிக்கும். வாசனை எமது வீட்டுப் புலாவை நினைவூட்டும். அதற்குள்ளும் வழக்கமாக நெத்தலி கரைந்திருக்கும். வறுத்த பாண்தூள் தூவிய பாஸ்தா என்றாலும் கேட்டே உண்ணவேண்டும். 'நாப்போலி' என்ற பெயருடைய பீட்சாவிலும் அது உண்டு. ஆனால் 'மரினாரா' என்ற பீட்சா, பெயரில் கடலை வைத்திருந்தாலும், தக்காளி, உள்ளி, ஓரிகனோ இலை, ஒலிவ் எண்ணெய் ஆகியவற்றால் மாத்திரம் ஆனது. மீனும் இல்லை, பாற்கட்டியும் இல்லை. பெயரைக் கேட்டு அஞ்சி அதனை ஒதுக்கிவிட்டு, 'நாப்போலி'யை வாங்கி உண்ட எம்மவரை நாம் அறிவோம்.

பெயர் ஏமாற்றும் மற்றோர் உணவு 'அரஞ்சினா'. தோடம்பழம் அளவான பொரித்த சோற்று உருண்டை. கடைக்காரரிடம் கேட்டால், "இது இறைச்சி வைத்தது, இது வெண்ணெய் வைத்தது" என்பார். வெண்ணெய் என்றதும் எமது மனம் குளிரும். அந்த வெண்ணெய் உருண்டைக்குள் பாற்கட்டியோடு பன்றித்தொடை இறைச்சியும் வெட்டிப் போடுவதே பலெர்மோவின் வழக்கம். கீரை வைத்தது உண்டா என்று கேளுங்கள். பல கடைகளில் இருக்கும்.

பன்றிக் கொழுப்பு இன்னொரு மறைபொருள். அதனை 'ஸ்துருத்தோ' என்பார்கள். சில வகைப் பாண்களின் மாவிலும், புகழ்பெற்ற 'கன்னோலி' என்னும் இனிப்பின் மொறுமொறுப்பான குழலிலும் மரபுப்படி அது சேர்கிறது. 'பன்னா கொத்தா' என்ற பால் இனிப்பு உறைவதற்கு விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இடுவார்கள். பாற்கட்டி விடயத்தில் எமது வீடுகளிலேயே இரண்டு கட்சிகள் இருப்பதால் விதியை மாத்திரம் சொல்கிறோம்: 'பார்மிஜானோ ரெஜ்ஜானோ' என்ற முத்திரை பெற்ற பாற்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையைக் கொண்டே செய்யவேண்டும் என்பது அதன் அதிகாரபூர்வமான தயாரிப்பு விதி. ஏற்பதும் மறுப்பதும் அவரவர் முடிவு. முட்டை விலக்குவோருக்கு ஆறுதலான செய்தி: தெற்கு இத்தாலியில் வழங்கும் உலர் பாஸ்தா பெரும்பாலும் கடினக் கோதுமை ரவையும் தண்ணீரும் மாத்திரமே. முட்டை சேர்ந்த பாஸ்தா வடக்கிற்கு உரியது.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, "பிறகு என்னத்தைத்தான் சாப்பிடுவது?" என்று கேட்பவர்களுக்காகவே பலெர்மோவின் தெருக்கள் காத்திருக்கின்றன.

முதலில் 'பனெல்லே'. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பிட்டு, அடுப்பில் வைத்துக் களி கிண்டுவதுபோலக் கிண்டி, இறுகியதும் மெல்லிதாகப் பரப்பி ஆறவிட்டு, துண்டுகளாக வெட்டி, கொதிக்கும் எண்ணெயிற் பொரித்தெடுப்பார்கள். பார்ஸ்லி என்னும் இலையைச் சிறிது அரிந்து போடுவதுண்டு. எள்ளுத் தூவிய உருண்டைப் பாணைப் பிளந்து, உள்ளே நாலைந்து துண்டுகளை அடுக்கி, எலுமிச்சம்புளி பிழிந்து, கடதாசியிற் சுற்றிக் கையிற் தருவார்கள். விலை ஒரு சில யூரோக்கள். எமது நாக்கிற்கு அது அந்நியமாக இருக்காது. கடலை மாவின் மணம் எமது அடுக்களையின் மணம். காய்ந்த மிளகாயை இடித்துச் சிறு போத்தலில் கொண்டுசெல்லும் அன்பர்களை நாம் கண்டிருக்கிறோம், குறை கூறமாட்டோம். இதனோடு சேர்த்து விற்பது 'குரொக்கே', அவித்து மசித்த உருளைக்கிழங்கை விரலளவில் உருட்டிப் பொரித்தது. சிறு பொரியற் கடைகளும் தெருவோர வண்டிகளும் இவற்றுக்கு உரிய இடங்கள். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றேயொன்று: அதே எண்ணெயில் மீனும் பொரிக்கிறீர்களா? சில வண்டிகளிற் பனெல்லேக்குப் பக்கத்திலேயே மாட்டின் மண்ணீரலைக் கொழுப்பில் வதக்கிப் பாணுக்குள் வைத்து விற்பார்கள். அதுவும் பலெர்மோவின் பெருமைக்குரிய உணவுதான். அத்தகைய வண்டியில் ஒரே கரண்டி இரண்டு சட்டிகளுக்கும் போய்வருவதை நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்து 'கப்பொனாத்தா'. பொரித்த கத்தரித் துண்டுகளைச் செலரி, ஒலிவ்காய், கேப்பர் மொட்டு, தக்காளி ஆகியவற்றுடன் சேர்த்து, வினாகிரியும் சீனியும் விட்டு இறக்குவது. சூடாகவன்று, ஆறவைத்து உண்பது. புளிப்பும் இனிப்பும் கலந்த அச்சுவை எமது கத்தரிக்காய் மோசுவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். கத்தரியை அடுக்கடுக்காக வைத்துத் தக்காளியும் பாற்கட்டியும் இட்டு வேகவைக்கும் 'பார்மிஜானா'வும், கத்தரியும் தக்காளியும் உப்பிட்ட ரிக்கொத்தாவும் சேர்ந்த 'நோர்மா' பாஸ்தாவும் எங்கும் கிடைக்கும். பின்னது கத்தானியா நகருக்கு உரியது. பலெர்மோக்காரர் அதனை ஒப்புக்கொள்ளச் சற்று நேரமெடுக்கும்.

நாம் பெரிதும் விரும்புவது கோடையில் மாத்திரம் கிடைக்கும் ஒன்று. பல்லரோச் சந்தையில் ஆடி மாதத்தில் மரக்கறிக்காரரின் மேசைகளில், பாம்பைப் போல நீண்டு வளைந்த வெளிர்பச்சைக் காய்களையும், அவற்றின் கொழுந்தும் இலையும் பற்றுச்சுருளுமான பெரிய கட்டுகளையும் காணலாம். அந்தக் காய் வேறொன்றுமல்ல, எமது சுரைக்காயின் நீண்ட இனம். அக்கொழுந்துகளுக்குத் 'தெனெரூமி' என்று பெயர். அவற்றை அரிந்து தண்ணீரில் அவித்து, உள்ளியும் தக்காளியும் தாளித்து, ஒடித்த பாஸ்தாவை அதற்குள்ளேயே வேகவிட்டு இறக்குவார்கள். வெயிலில் அலைந்து வந்த உடம்புக்கு, அகத்திக்கீரைச் சொதி குடித்ததுபோல வயிறு குளிரும். சுற்றுலாக்காரரை நம்பிப் பிழைக்கும் பெரிய உணவகங்களின் அட்டையில் இது அரிதாகவே இருக்கும். நண்பகலில் தொழிலாளர் வந்து உண்ணும் சிறு கடைகளில், கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருப்பார்கள். மாரியில் போனவர்களுக்கு இதற்கீடாக 'மாக்கோ' உண்டு; உலர்ந்த அகன்ற அவரைப் பருப்பைக் குழைய அவித்துக் காட்டுச் சோம்புக்கீரை சேர்த்த கூழ். ஏழைகளின் உணவாக இருந்தது. அதற்குள் பன்றி இறைச்சித் துண்டு போட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இனிப்பில் 'ஜெலோ தி மெல்லோனே'யைத் தேடுங்கள். வத்தகப்பழச் சாற்றை மாப்பொருளும் சீனியும் இட்டுக் காய்ச்சி, மல்லிகைப்பூவின் மணமேற்றி உறையவைப்பது. ஜெலட்டின் இல்லை. பாதாம் பருப்பையும் சீனியையும் அரைத்துப் பழங்களின் உருவில் செய்யும் 'மர்த்தொரானா' இனிப்பு, அப்பெயருடைய கன்னியர் மடத்திற் பிறந்தது. பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுத்தால் உண்ண மனமின்றி வைத்திருந்து பார்ப்பார்கள்.

மொழி பற்றிய அச்சம் வேண்டியதில்லை. "சோனோ வெஜெத்தாரியானோ" என்று ஆண்களும், "வெஜெத்தாரியானா" என்று பெண்களும் சொல்லவேண்டும். ஆனால் அதோடு நிறுத்தினால், மேலே கூறிய சூப்பின் கதைதான். "சென்ட்சா கார்ணே, சென்ட்சா பெஷே, சென்ட்சா அச்சூகே, சென்ட்சா புரோதோ தி கார்ணே" என்று தொடருங்கள். இறைச்சியின்றி, மீனின்றி, நெத்தலியின்றி, இறைச்சி நீரின்றி என்பது பொருள். நாலையும் தனித்தனியே சொல்லவேண்டும். பேச நா எழாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, 2014 டிசம்பர் முதல் ஒவ்வொரு உணவகமும் ஒவ்வாமை தரும் பதினான்கு பொருட்கள் எந்தெந்த உணவில் உள்ளன என்பதைக் கேட்பவருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது. 'அலேர்ஜெனி' என்று கேட்டால் பட்டியலைத் தருவார்கள். மீன், முட்டை, பால் ஆகிய மூன்றும் அப்பட்டியலில் உள்ளன. நெத்தலி அங்கே அகப்பட்டுக்கொள்ளும். இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் அதில் இல்லை என்பதை மறக்கவேண்டாம். அவற்றை வாயாற்தான் கேட்கவேண்டும்.

நேரமும் முக்கியம். நண்பகல் உணவு ஒரு மணியை ஒட்டியது. மூன்று மணிக்குப் பின் சமையலறை அணைந்துவிடும். இரவு உணவு எட்டு மணிக்கு முன் கிடைப்பது அரிது. நீரிழிவுக்காரரும் சிறு பிள்ளைகளும் ஆறு மணிக்கே பசியென்பார்கள். அவ்வேளையில் பொரியற் கடைகளும், சமைத்த உணவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கும் கடைகளுமே துணை. கண்ணால் பார்த்துக் கைநீட்டிக் காட்டலாம் என்பது இவற்றின் பெரிய வசதி. இருந்து உண்ணும் உணவகங்களில், முன்னுணவாகவும் துணைக்கறியாகவும் வரும் மரக்கறிகளை நாலைந்து வகை கேட்டு நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வதே மலிவும் நிறைவுமானது. ஆளுக்கு ஓரிரண்டு யூரோ 'கொப்பெர்த்தோ' என்று சிட்டையிற் சேர்ப்பார்கள். அது பாணுக்கும் மேசைக்குமான கட்டணம். ஏமாற்று என்று எண்ணிச் சண்டைக்குப் போகவேண்டாம். கோப்பியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, அமர்ந்து குடித்தால் வேறு விலை.

எந்தக் கடைக்குப் போவது என்று கேட்போருக்குக் கடைகளின் பட்டியலை நாம் தரப்போவதில்லை. இன்று திறக்கும் கடை நாளை மூடுகிறது. ஓர் இடத்தை மாத்திரம் குறிப்பிடலாம்: பல்லரோவில் பல நாட்டவர் கூடி 2014 இல் தொடங்கிய 'மொல்த்திவொல்த்தி'. 'பல முகங்கள்' என்பது அதன் பொருள். சிசிலிய உணவோடு குடியேறியோரின் நாட்டு உணவுகளும் அங்கே சமைக்கப்பட்டன.

கடைகளின் கண்ணாடியில் 'அத்தியோபிட்சோ' என்ற ஒட்டியைக் கண்டால், அங்கே நுழைவதை நாம் விரும்புவோம். பலெர்மோவின் வணிகர்களிடம் மாஃபியா அறவிடும் கப்பத்துக்கு எதிராக, இளைஞர் சிலர் 2004 இல் தொடங்கிய இயக்கம் அது. கப்பம் கொடுக்க மறுத்த கடைகளை அந்த ஒட்டியால் அடையாளம் காணலாம். 2016 இல் பல்லரோவை அடுத்த தெருக்களில் வங்காளதேசக் கடைக்காரர்கள் துணிந்து பொலிசில் முறையிட்டதைத் தொடர்ந்து பலர் கைதாயினர். வந்தேறிகள் வாய் திறக்கமாட்டார்கள் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது புதிய பாடம். கப்பம் என்ற சொல்லை எம்மவருக்கு விளக்கவேண்டிய தேவை இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பலெர்மோவின் எத்தனையோ உணவகங்களில் முன்னால் நிற்பவர் சிசிலியர். பின்னால் கத்தரிக்காயைப் பொரிப்பவர் எம்மவர். ஒருமுறை நாம் மேற்சொன்ன நாலு வாக்கியங்களையும் சிரமப்பட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடியில் ஒரு முகம் தோன்றி மறைந்தது. பத்து நிமிடம் கழித்து, அட்டையிலே இல்லாத ஒரு தட்டு வந்தது: சுரைக்கொழுந்து, பருப்பு, மேலே கடுகு வெடிக்கவிட்ட வாசனை. தட்டைக் கொண்டுவந்த சிசிலியர், "உள்ளே நிற்பவர் கொடுக்கச் சொன்னார், மீன் சட்டியைத் தொடாத கரண்டி என்றும் சொல்லச் சொன்னார்" என்றார். பணம் கொடுக்கும்போது அந்தத் தட்டுச் சிட்டையில் இல்லை. உள்ளே போய்க் கைகுலுக்க அனுமதி கேட்டோம். வேலை நேரம், முதலாளி நிற்கிறார், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. தங்கிய நாட்களில் மறுபடி மூன்று தடவை அங்கே சென்றோம். அவருக்கு ஒருநாளும் ஓய்வு கிடைக்கவில்லை.

பலெர்மோ செல்பவர்கள் பெல்லெகிரீனோ மலைக்கும் போவார்கள். நகரின் காவற் புனிதையான சந்த ரொசாலியாவின் குகைக்கோவில் அங்கே உள்ளது. 1624 இல் கொள்ளைநோய் பரவிய வேளையில் அவருடைய எலும்புகள் அம்மலையிற் கண்டெடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அவை நகரைச் சுற்றி ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டபின் நோய் நீங்கியது என்பது மக்களின் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலையேறும் அடியார்களில் எமது சைவக் குடும்பங்கள் கணிசமானவை. பாறையிலிருந்து சொட்டும் நீரின் கீழ், பொட்டும் பூவுமாக நிற்கும் எமது தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். மேலே உணவு வசதி சொற்பம். பனெல்லேப் பாணை அடிவாரத்திலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

ஜூலை 14 ஆம் திகதி இரவு அப்புனிதையின் பெருவிழா. 2024 இல் அதன் நானூறாவது ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. அன்றிரவு நகர மக்கள் விரும்பி உண்பவற்றில் நத்தையும் உண்டு, மத்தி மீன் பாஸ்தாவும் உண்டு. ஆயினும் தேர் போகும் வழியெங்கும், வறுத்த கொண்டைக்கடலையையும் உப்பிட்ட பூசணி விதையையும் குவித்து வைத்துக் கடதாசிச் சுருளில் அளந்து விற்கும் கடைகள் வரிசையாக நிற்கும். நல்லூர் வீதியின் கச்சான் கடைகளைப் பார்த்த கண்ணுக்கு அக்காட்சி போதும். மாரியிற் போகக்கூடியவர்கள் டிசம்பர் 13 ஆம் திகதியை மனதிற் கொள்ளலாம். அது சந்த லூச்சியாவின் நாள். பலெர்மோ மக்கள் அன்று பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். 1646 இல் பஞ்சம் நிலவியபோது கோதுமைக் கப்பல் ஒன்று வந்து சேர்ந்தது என்றும், மாவாக அரைக்கப் பொறுமையற்ற மக்கள் தானியத்தை அப்படியே அவித்து உண்டனர் என்றும் மரபுக்கதை சொல்கிறது. அதன் நினைவாக முழுக் கோதுமையை அவித்து, ரிக்கொத்தாவும் சீனியும் கலந்து 'குச்சீயா' என்ற பெயரில் இனிப்புக் கடைகள் எல்லாவற்றிலும் கிண்ணங்களில் விற்பார்கள். காலையிலேயே போய் வாங்குங்கள்; பிற்பகலில் முடிந்துவிடும்.